ஒன்றரை ரூபாய்க் கறி

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக "மசாலா அரைச்சியா?" என்று குரல் கொடுக்கும் என் நைனாவுக்கு,

உங்கள் அஞ்சலை எழுதுகிறேன். நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. கோட்டை மலைப் பக்கம் நல்ல மழை. ஏரியில் கெளுத்தி பிடிக்கிறார்கள். முன்பு எட்டணாவுக்குச் சட்டி நிறையக் கொடுத்த மீன்காரி இப்போது ஒன்றேகால் ரூபாய் என்கிறாள். முட்டையிடும் கோழி நாலு ரூபாய். கருவாட்டுக் கூடைக்கு முன்னால் உட்காருவதற்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. செஞ்சியில் நிம்மதியாக இருப்பவர்கள் கறி மீன் தொடாத சமணர் வீட்டுக்காரர்கள்தான்.

இந்த விலையெல்லாம் உங்களுக்குப் புதிதாக இருக்கும். உங்கள் காதில் விழாமல் பார்த்துக்கொண்டவள் நான்தான்.

வண்டி குடைசாய்ந்து இடுப்பு போன பிறகு என் வீட்டுக்கு வந்தீர்கள். "பொண்ணு வூட்ல சும்மா குந்திச் சாப்ட மாட்டேன். ஞாயித்துக்கெழம கறி என் செலவு" என்று வந்த அன்றே சொல்லிவிட்டீர்கள். ஓட்டலுக்கு இலை தைத்துக் கிடைத்த காசில் வாரம் தவறாமல் ஒன்றரை ரூபாய் என் கையில் வைத்தீர்கள். அப்போது அரைக்கிலோ ஆட்டுக்கறி அந்த விலைதான். வாரத்தில் அந்த ஒரு வேளைதான் நீங்கள் இந்த வீட்டில் தலை நிமிர்ந்து சாப்பிட்டது. "மாப்ளைக்கு இன்னும் ரெண்டு துண்டு போடு" என்று நீங்கள் அதிகாரம் பண்ணுவதைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கும் தெரியுமா?

அந்த அரைக்கிலோ ஒன்றே முக்கால் ஆனது. பிறகு இரண்டு. இப்போது இரண்டே முக்கால். அரிசி ஏறுவது உங்களுக்குத் தெரியும். கறி விலையைக் கேட்டபோது மட்டும் "பழைய வெலதான் நைனா, மேய்ச்சல் நல்லா இருக்குது" என்று புளுகினேன். உண்மையைச் சொன்னால் கறியையே வேண்டாம் என்றிருப்பீர்கள். அதனால் உங்கள் காசுக்குக் கிடைத்ததை வாங்கி, கத்திரிக்காயும் முருங்கைக்காயும் போட்டுச் சட்டியை நிரப்பினேன். மேல்மலையனூர் அமாவாசைக்கு ஆடெல்லாம் போய்விட்டது என்று ஒரு வாரம் சமாளித்தேன். மாதத்துக்கு ஒரு அமாவாசைதானே வருகிறது!

இதுவரை சொன்னதை நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். இனிமேல் சொல்வதை எழுதத்தான் கை வரவில்லை. சில வாரம் அந்த ஒன்றரை ரூபாயிலும் எட்டணாவை அரிசிக்கு எடுத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு வாரம்தான் நீங்கள் தட்டில் விரலை விட்டுத் துழாவினீர்கள்.

"இன்னாடி இது, நாலு துண்டுதான் இருக்குது? அரைக்கிலோதானே வாங்கினே?"

"ஆமா நைனா. பாய் போட்டது அவ்ளோதான்."

வாய் தவறி வந்துவிட்டது என்று தப்பிக்க மாட்டேன். தெரிந்தேதான் சொன்னேன்.

கறிக்கடைக் கரீம் பாய் யார் உங்களுக்கு? அவலூர்பேட்டைச் சந்தையில் அவர் வாங்கும் ஆடுகளை இருபது வருடம் உங்கள் வண்டியில்தானே ஏற்றி வந்தீர்கள்? அந்தப் பழக்கத்துக்குத்தான் வாராவாரம் கொசுறாக ஒரு நல்லி எலும்பைத் தனி இலையில் மடித்து, "இது அண்ணனுக்கு" என்று கொடுப்பார்.

மறுநாள் அவர் சைக்கிள் நம் தெருவில் வந்தது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த நீங்கள் கூப்பிட்டு நிறுத்தினீர்கள்.

"யோவ் பாய்! உன் ஆட்ட ஏத்தியாந்தவன் நானு. எனக்கே எடைய கொறைக்கிறியா?"

தெருவே எட்டிப் பார்த்தது. நான் குடத்தோடு குழாயடியில் நின்றேன். பாய் என்னை ஒரு முறை பார்த்தார். நான் வாங்கிய அளவு அவருக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மானம் தப்பியிருக்கும்.

"தப்பு நடந்துபோச்சுண்ணே. வர்ற வாரம் சரியா போட்டுடறேன்" என்றார்.

சொன்னபடியே அடுத்த ஞாயிறு ஒன்றரை ரூபாய்க்கு முழு அரைக்கிலோ போட்டார். நான் கையைப் பின்னுக்கு இழுத்தேன். "இது உனக்கு இல்லம்மா, அண்ணனுக்கு. அவருக்குன்னு இருக்குறது இந்த ஒரு நாளுதான். நீ ஒண்ணும் சொல்லிக்காத" என்றார்.

நீங்களோ, "பாத்தியா, கேட்டாத்தான் குடுக்குறான்!" என்று சிரித்தீர்கள். பிறகு அந்த நல்லி எலும்பை எடுத்து, "திருட்டுப்பய போட்ட எலும்பு" என்று நாய்க்கு வீசினீர்கள். நல்லி என்றால் உயிரை விடுவீர்களே, நைனா! அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா?

ஆறு வாரம் அப்படியே போனது. ஏழாவது வாரத்துக்கு நீங்கள் இல்லை.

பாடையோடு கரீம் பாயும் கிளம்பினார். "எடையில கைய வெச்ச பாவத்த கழிக்க வந்திருக்காரு" என்று யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அழுகிறவளை யார் என்ன கேட்பார்கள்? அந்த அழுகைக்குள்ளேயே ஒளிந்துகொண்டேன். இப்போது நம் தெருப் பெண்கள் அவர் கடையில், "தராசு முள்ள நல்லா காட்டு பாய்" என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள். இரண்டு வீட்டார் கடையையே மாற்றிவிட்டார்கள்.

போன ஞாயிறு நான் கால்கிலோவுக்குப் போனேன். பாய் பழக்கத்தில் ஒரு நல்லியைத் தனி இலையில் மடித்து, "இது அண்ண..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். நான் அதை வாங்காமலே வந்துவிட்டேன். எந்தக் கையால் வாங்குவது?

வருகிற ஞாயிறு கூட்டம் நிற்கும் நேரமாகப் பார்த்துப் போவேன். "பாய், அரைக்கிலோ இன்னா வெல?" என்று எல்லோருக்கும் கேட்கிறபடி கேட்பேன். அவர் சொன்னதும், "எங்க நைனா குடுத்தது ஒண்ணர ரூபாதான். அதுலயும் எட்டணா நான் எடுத்தேன். எடைய கொறைச்சது நான், பாய் இல்ல" என்று சொல்வேன். சொல்லி முடித்த பிறகுதான் பையை நீட்டுவேன்.

அன்று அவர் நல்லி கொடுத்தால் வாங்கிவந்து சமைத்து, படையலில் உங்கள் இலையில் வைப்பேன். இந்த முறை வீசிவிடாதீர்கள், நைனா. அது உங்கள் சிநேகிதர் போட்டது.

உங்கள் சோற்றிலும் பங்கு எடுத்த மூத்த மகள்,
அஞ்சலை