லண்டன் ரவுடிகளிடம் தோற்ற கிராணி

1999, சனிக்கிழமை இரவு

இன்று நான் எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனாலும் சத்தியம் செய்துவிட்டே எழுதுகிறேன்.

முதல்முறையாக லண்டன் ரவுடிகளின் சிரிப்புப் படம் ஒன்றுக்கு என் மனைவி கமலாவை அழைத்துப் போனேன். "தோட்டத்துல வெள்ளைக்காரத் துரைகிட்ட கணக்கெழுதுற கிராணியா இருந்தவன்டா, ஒரு சொல் விடாம உன் அக்காவுக்கு விளக்குவேன்" என்று அவள் தம்பி சேகரிடம் மார்தட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.

படம் என்றால் அதுதான் படம்! நானூறு துப்பாக்கிகள். திருடனிடம் ஒருவன் திருட, அவனிடம் வேறொருவன் திருடுகிறான். கோட்டு சூட்டோடு தேநீர் குடித்துக்கொண்டே கழுத்தை அறுப்பேன் என்கிறார்கள். எவ்வளவு மரியாதை! சனங்கள் சிரித்த சிரிப்பில் கொட்டகைக் கூரை பறந்து கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் விழுந்தது. ஆனால் அவர்கள் பேசிய இங்கிலீஷ்தான் எனக்கு விளங்கவில்லை.

"என்னங்க சொல்றான்?" என்றாள் கமலா.

"அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம்."

"கீழ மலாய்ல 'துப்பாக்கி எங்கடா'ன்னு போட்டிருக்கான் லா!"

அதன்பிறகு நானும் விளக்குவதை விட்டுவிட்டு மலாய் எழுத்தைப் படித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

வீட்டு வாசலில் சேகர் நின்றான். "என்ன அத்தான், எல்லாம் விளங்குச்சா?" விடிந்தால் எங்கள் ஊர் சுங்கை பினாங் முழுக்க என் மானம் போய்விடும் என்று நடுங்கினேன்.

"அவரு இல்லேன்னா எனக்கு ஒன்னுமே விளங்கியிருக்காதுடா" என்று சொல்லிவிட்டுக் கமலா உள்ளே போனாள்.

மேலே எழுதியதில் நிறையக் கைச்சரக்கு. கமலா சொன்ன அந்த ஒரு வரி மட்டும், அவள் அப்படியே சொன்னது.