போட்டோ அனுப்பாத காரணம்

அம்மாவுக்கு,

“புள்ள மூஞ்சிய இன்னொரு வாட்டி காட்டச் சொல்லு” என்று, நம் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுக்கும் லூர்துமேரி அக்காவிடம் கேட்டாயாம்.

கூட்டேரிப்பட்டிலிருந்து போட்டோ அனுப்பினேனே, அந்த இலவச ஆப் நாங்கள் வீட்டுக்குத் தெரியாமல் ஒளிந்து குடியிருந்த இடத்தையும் சேர்த்தே அனுப்பிவிட்டது. உன் போனைப் பார்த்துதான் அண்ணன் ஆட்களோடு வந்தான். உன் மருமகன் கையில் இன்னும் மாவுக்கட்டு.

“விளம்பரம் காட்டி ஓசியில குடுக்கிறவன் நம்மளத்தான் வித்துக்கினு இருக்கான். காசு கட்டுனா யாருக்கும் சொல்லாத ஆப்பு இருக்குது” என்கிறார் அவர். அதை உன் போனிலும் போட வேண்டும். எதற்கென்று அண்ணன் கேட்பான்.

அதனால் போட்டோ வேண்டாம். குழந்தையின் பாதத்தை மையில் தொட்டு, பின்பக்கம் பதித்திருக்கிறேன். அழுதுகொண்டே காலை உதறியதில் ஒரு விரல் சரியாகப் படவில்லை.

பார்த்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

உன் மகள்