ஏழாவது நிமிடம்

வெள்ளவத்தை,
12.05.1996

அன்பு ஸ்ரனிஸ்லாஸ்,

நலமா? ரொறன்ரோக் குளிர் உன் முழங்காலை விட்டுவைத்ததா? நீ போய் எட்டு வருடம். கிறிஸ்மஸ் வாழ்த்து மட்டை ஒன்றோடு சரி.

இங்கே கொழும்பில் பகிடி சொல்லிச் சிரிக்கவைக்கிறவர்களை மேடையேற்றிப் பதிவுசெய்ய நான் ஒருவன்தான் மிச்சம். பாட்டுக் கோஷ்டிகளைப் பற்றியும் வீடியோப் படம் எடுக்கிறேன். கோஷ்டியில் பாதிப்பேர் பாரிஸில், மீதிப்பேர் லண்டனில். நான் வெறும் மேடையைப் படமெடுக்கிறேன்.

பூபாலசிங்கம் என்று புதிதாக ஒரு பகிடிக்காரன், கெட்டிக்காரன். நீ பகிடி சொல்லி மேடையேறிய அதே கொட்டாஞ்சேனை மண்டபத்தில் எண்பது கதிரை போட்டோம். வழியெல்லாம் ஆமி செக்கிங், வந்தது பதினொரு பேர். அவர்களும் சிரிக்கப் பயந்தார்கள். ஆகவே பழைய பதிவொன்றிலிருந்து சிரிப்பை எடுத்துச் சேர்த்தேன். உனக்கு நான் அனுப்பும் முதல் கசெற் இது. நீ நல்லது என்றால்தான் எனக்குத் திருப்தி.

உன்,
கதிர்காமநாதன்


ரொறன்ரோ,
09.06.1996

கதிர்காமநாதனுக்கு,

கசெற்றை ஏழாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன்.

எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு ஒரு பெண் தனியாகச் சிரிக்கிறாள். முடிவில் ஒரு விக்கல். கட்டியவன் எனக்கு என் மாக்ரெட்டின் சிரிப்புத் தெரியாதா? அது நம்முடைய எண்பத்திரண்டாம் ஆண்டுப் பதிவு. "உங்கட பகிடி எனக்கு லேட்டாத்தான் விளங்கும்" என்பாள். விளங்கினால் பஸ்ஸிலும் சிரிப்பாள்.

குண்டுவெடிப்பில் அவள் போய் ஒன்பது வருடம். அவள் குரலில் என்னிடம் ஒரு சொல்கூட இல்லை. நீயோ அவளை எவனோ ஒருவனின் பகிடிக்குச் சிரிக்க வைத்திருக்கிறாய்.

அந்த மூல ஒலிநாடாவை அனுப்பு. பிரதி வைக்காதே. அதன்பிறகு நமக்குள் கடிதம் வேண்டாம்.

ஸ்ரனிஸ்லாஸ்


வெள்ளவத்தை,
30.06.1996

அன்பு ஸ்ரனிஸ்லாஸ்,

தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதிக் கிழித்துப் போட்டேன். அது பொய். ஒன்பது வருடமாக என் எல்லாக் கசெற்றிலும் அந்தச் சிரிப்பு இருக்கிறது. வேறு சிரிப்பைப் போட்டால் மண்டபம் வெறிச்சென்று கேட்கிறது. பாமன்கடையிலிருந்த என் தம்பி குடும்பமும் வெளிநாடு போய்விட்டது. நாள் முழுக்க எடிட்டிங் அறையில் என்னோடு இருக்கும் மனிதச் சத்தம் அது ஒன்றுதான். நீ கண்டுபிடித்துத் திட்டியாவது எழுதுவாய் என்று நினைத்துத்தான் அனுப்பினேனோ, தெரியாது. உன்னிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

நாடாவைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். இது என்ன என்று கேட்டார்கள். சிரிப்பு என்று சிங்களத்தில் சொன்னேன். நம்பாமல் பார்சலைப் பிரித்துப் பார்த்துத் திரும்ப ஒட்டினார்கள்.

பிரதி வைக்கவில்லை. இனி என் கசெற்றுகளில் சிரிப்பு இருக்காது.

கதிர்காமநாதன்


ரொறன்ரோ,
20.10.1996

அன்பு கதிர்,

கடிதம் வேண்டாம் என்றவனே எழுதுகிறேன், சிரிக்காதே.

நாடா ஓகஸ்டிலேயே வந்துவிட்டது. சோற்றுத் தட்டளவு பெரிய சுருள் என்பதை மறந்தே போனேன். இதை ஓட்டும் மெஷின் நான் ஏறி இறங்கிய கடை ஒன்றிலும் இல்லை. மாக்ரெட்டின் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

ஆகவே வேலைக்குப் போகுமுன் உன் பூபாலசிங்கத்தின் கசெற்றைத்தான் போடுகிறேன். அவனை ஆறு நிமிடம் கேட்டால்தான் அவள் வருகிறாள். கேட்கிறேன். பொடியன் நல்லாச் செய்கிறான், நான் சொன்னதாகச் சொல்.

கசெற் தேய்ந்துபோகிறது. உன் பழைய கசெற்றுகளில், சிரிப்பு உள்ளதாய் இன்னும் இரண்டு அனுப்பு.

உன்,
ஸ்ரனிஸ்லாஸ்