ஆற விட்டால் கேட்பது

அன்புள்ள சிட்டு அப்பாவுக்கு,

நான் இருக்கிறேன். அங்கே நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். பிள்ளையே போன பிறகு இப்படிக் கூப்பிட்டு எழுதாதே என்று போன கடிதத்தில் கோபித்திருந்தீர்கள். வேறு எப்படிக் கூப்பிடுவது? எனக்கு வாயில் வருவது இதுதான்.

குழாய் ஒழுகல் நின்றுவிட்டது. உங்கள் அக்கா வந்து சமைத்துவிட்டு, நான் சாப்பிடும் வரை எதிரில் உட்கார்ந்து முறைத்துவிட்டுப் போகிறார்.

ஆய்வகத்தில் என்னைப் புது வேலையில் போட்டிருக்கிறார்கள். ஒரு வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். புட்டியில் இருந்த பெயரை இரண்டு முறை படித்தேன். சிட்டுவுக்கு இழுப்பு வராமலிருக்க இன்ஹேலரில் தினமும் கொடுத்தோமே, அதே மருந்து. புதிதாக வந்திருக்கும் மேடத்துக்கு நம் கதை தெரியாது. “பழைய ஆஸ்துமா மருந்துதாம்மா. தண்ணில கெட்டியா கரைச்சா அதோட மூலக்கூறெல்லாம் தானா வரிசை கட்டும், அதான் நமக்கு வேணும்” என்றார். தலையாட்டினேன்.

சூடாக்கினால் வரிசை கலைந்து, நுண்ணோக்கியில் வெறும் இருட்டு. ஆற விட்டால் அங்கொன்றும் இங்கொன்றுமாக அரிசி போல வெளிச்சம் முளைத்து, ஒன்றோடொன்று சேரும். திசை ஒத்துப்போகாத இரண்டு சேர்ந்த இடத்தில் ஒரு தழும்பு நிற்கும். நாங்கள் அதில் கலந்துவைத்த, கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி மணிகள், யாரும் தள்ளாமலே, அந்தத் தழும்பில் போய்க் குவிகின்றன. நுண்ணிய பொருள்களைத் தாமாகவே அடுக்கிக்கொள்ள வைக்க இதைத்தான் நம்பியிருக்கிறோம்.

சொன்னால் பைத்தியம் என்பீர்கள். அது ஆறும்போது இழுப்பு கேட்கிறது. நம் பிள்ளையுடையது, அந்தக் கடைசி விசிலோடு. குளிர்விக்கும் விசிறிதான் என்று அணைத்துப் பார்த்தேன். அப்போதும் கேட்டது. எனக்குப் பயமே வரவில்லை, சந்தோஷமாக இருந்தது.

ரிசல்ட் எப்போதோ வந்துவிட்டது. நான்தான் மறுபடி சூடாக்கி, மறுபடி ஆற விடுகிறேன். “ஏம்மா அதையே போட்டு உருட்டிட்டு இருக்க, வீட்டுக்குப் போ” என்று மேடம் நேற்று திட்டினார். போனேன். போகும்போது கொஞ்சம் கரைசலைக் கைப்பையில் எடுத்து வந்துவிட்டேன். ஃபிரிட்ஜில், தயிருக்குப் பக்கத்தில் இருக்கிறது. இப்போது வீட்டிலும் கேட்கிறது.

அதைக் கொட்ட என்னால் முடியவில்லை. நீங்கள் வந்து கொட்டுங்கள். லீவு தரவில்லை என்றால் சொல்லாமல் கிளம்பி வாருங்கள். வந்து பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுங்கள். அதற்காக உங்களை எத்தனை முறை ஹாலுக்கு விரட்டியிருக்கிறேன், இனி மாட்டேன். இந்த வீட்டில் உயிரோடு இருக்கிற ஒருவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்க வேண்டும்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி