பூரணாங்குப்பத்துக்கு நேரே ஒரு சைபர்

சென்னை, ஆகஸ்ட் 1976

மதிப்புமிக்க அப்பாவுக்கு இளங்கோவன் வணக்கம். நான் சுகம். அம்மா, சுலோசனா, எங்கள் குழந்தை சுகமா என்பது எனக்கு இன்றைக்கே தெரிய வேண்டும்.

வாந்திபேதிக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களின் கணக்கு என் மேசைக்குத்தான் வரும். நம் பூரணாங்குப்பத்திலிருந்து போன வாரம் பதினாறு பேர். இந்த வாரம் சைபர். எங்கள் டைப்பிஸ்ட் அமிர்தசாமி, வில்லியனூர்க்காரர், "இன்னாப்பா, ஒங்க ஊர்ல நோவு ஓடிப்போச்சு, காபி வாங்கிக் குடு" என்றார். நானும் சிரித்தேன்.

பிறகுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் காப்பு கட்டியிருக்கிறீர்கள். இனி திருவிழா முடியும்வரை யாரும் வெளியூரில் இராத் தங்க மாட்டார்கள். படுக்கையில் சேராதவன் என் கணக்கில் எப்படி வருவான்? மருந்து மட்டும் வாங்கிப் போனவர்களின் பட்டியலை எடுத்தேன். நம் ஊருக்கு நாற்பத்தொரு பேர். சேரச் சொல்லியும் வீடு திரும்பியவர்கள். அதில் ஒரு வரி, எட்டு மாத ஆண் குழந்தை, நம் பையன் வயதுதான். பெயர் இல்லை.

அது நம் பையன் இல்லையென்றால் என்னைத் திட்டுங்கள். அவன்தான் என்றால் இப்போதே தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரிப் படுக்கையில் சேர்த்துவிடுங்கள். அம்மன் கோபம் என் தலைமேல் விழட்டும். உடம்பில் நீர் வற்றாமலிருக்க, வழியெல்லாம் கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து ஊட்டச் சொல்லுங்கள்.

தந்தி என்றால் அம்மா பயப்படுவாள். அதனால் கடலூர் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுக்கிறேன். தவளக்குப்பத்தில் சேதுராமன் கடையில் தருவார். பஸ் கிளம்புகிறது. குழந்தை இன்று மூத்திரம் போனானா என்று மட்டுமாவது எழுதி, திரும்பி வரும் அதே டிரைவரிடம் கொடுங்கள். ஸ்டாண்டிலேயே நிற்பேன்.

இளங்கோவன்