காலி டப்பா

செவ்வாய், இரவு.

பிள்ளைகளுக்குப் பிடித்த சத்து பவுடர் எது என்று ஆராய்ச்சி செய்யப் பாளையம்பட்டிக்கு வந்த கம்பெனிக்காரர்கள் இன்று கிளம்பிவிட்டார்கள். மூன்று மாதமாக என் மகள் கார்த்திகாவுக்குக் காலையிலும் சாயங்காலமும் அவர்கள் கொடுத்த சாக்லெட் பவுடர்தான்.

"இனிமே பவுடருக்கு நாங்க எங்க போக?" என்று கேட்டேன்.

"ஆராய்ச்சி முடிஞ்சிருச்சுக்கா. சீக்கிரம் கடைக்கு வந்துரும்" என்று சிரித்தாள், அவர்களோடு வந்த பெண்.

நாக்கைப் பழக்கிவிட்டுப் போய்விட்டார்கள், பாவிகள்! சாயங்காலம் கேழ்வரகுக் கஞ்சி கொடுத்தேன். "எனக்கு இது வேணாம் போ" என்று கார்த்திகா கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். முதுகில் ஒன்று வைத்தேன். அழுதுகொண்டே தூங்கிவிட்டாள். அடி வாங்க வேண்டியவள் அவளா?

அவர்களுடைய காலி டப்பாவில் கேழ்வரகு மாவை நிரப்பி வைத்திருக்கிறேன். காலையில் அவள் கண்ணெதிரே திறந்து காய்ச்ச வேண்டும். நிறத்தில் வித்தியாசம் தெரியாது. நான் பெற்ற பிள்ளைக்கு நான் கஞ்சி ஊட்ட, அந்தப் பாவிகளின் டப்பா வேண்டியிருக்கிறது.