ஒட்டாத ஜோடிகளின் பட்டியல்

கோச்சடை,
மதுரை.

அன்பு மகள் ரோகிணிக்கு உன் சித்தப்பா செல்வக்குமார் எழுதுவது. இங்கே நான், சித்தி, உன் தங்கை ஆர்த்திகா, உன் அப்பா, போன மாதம் வாங்கிய வாஷிங் மெஷின் வரைக்கும் எல்லோரும் சுகமாக ஓடிக்கொண்டிருக்கிறோம். ஜெர்மனிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க பாண்டி முனியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உன் அப்பாவைத்தான் எழுதச் சொன்னேன், எழுத்துல நீதாண்டா புலி என்று தப்பித்துக்கொண்டார். எட்டாம் வகுப்புப் புலி என்றாலும் புலி புலிதானே. போனில் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். ஆர்த்திகாவுக்குக் கே.கே. நகர் அசோக்குமாரைப் பேசி ஆவணியில் பரிசம் போட நாள் குறித்தது உனக்குத் தெரியும், சேதியே அதில்தான் இருக்கிறது.

உன் வேலையைப் பற்றி நீ போனில் சொன்னதை மேலூர் வரைக்கும் பரப்பிவிட்டேன். வைரஸிடம் சில புரதம், நம் உடம்பில் பல ஆயிரம் புரதம், எது எதோடு போய் ஒட்டும் என்று தெரிந்தால் மருந்துக்காரனுக்கு எங்கே கை வைப்பது என்று தெரியும், எல்லாவற்றையும் லேபில் சோதிக்க ஆயுசு பத்தாது, அதனால் ஏற்கெனவே ஒட்டியதைக் கம்ப்யூட்டருக்குக் காட்டிப் பழக்கிப் புதுசைக் கணிக்கச் சொல்கிறாய். சரியாகச் சொன்னேனா? உன் பேராசிரியர் உன்னைக் கேட்டுத்தான் காபியே குடிக்கிறார் என்பது மட்டும் நான் சேர்த்தது. நாற்பது வருஷமாக வரன் பார்க்கிறவனுக்கு இது புரியாதா, எங்க சித்தப்பா வேலையத்தான் நான் கம்ப்யூட்டர்ல பாக்குறேன்னு ரோகிணியே சொல்லுச்சு என்றும் டீக்கடையில் ஒரு போடு போட்டேன்.

அங்கேதான் மாட்டினேன். ஒட்டாத ஜோடிக்குத்தான் பஞ்சம் சித்தப்பா, ஒட்டாததை யாரும் எழுதி வைக்கிறதில்ல, அதையும் காட்டாட்டி கம்ப்யூட்டரு எல்லாத்தையும் ஒட்டும் ஒட்டும்னே சொல்லும் என்றாயே, அதையும் பெருமையாகச் சொன்னேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த சின்னான், ஏண்ணே, நூறு கல்யாணம் முடிச்சேன்னு ஊருக்கே சொல்றீக, பிஞ்சு போனதெல்லாம் எந்த டைரில இருக்கு என்று கேட்டான். கடையே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், டைரியில் இருப்பது முப்பத்தெட்டுதான். பிரிந்தது ஒன்றுகூட அதில் இல்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, ஒட்டாததில் ஞாபகம் இருந்த அம்புட்டையும் அதே டைரியில் எழுதினேன். பேச்சிலேயே முறிந்தது, பரிசத்தோடு நின்றது, தாலி கட்டிய பிறகு பிரிந்தது எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு. பக்கத்தில் காரணமும் போட்டேன். ஜாதகம், உயரம், மாமியார் என்றுதான் ஆரம்பித்தது. பாதிக்கு மேல் வந்தபோது பேனா நின்றுவிட்டது. பதினாலு இடத்தில் பெண்ணிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையை ஆட்டினாள், சம்மதம் என்று எழுதிக்கொண்டேன். ஆர்த்திகாவும் தலையைத்தானே ஆட்டினாள்.

உடனே கூப்பிட்டுக் கேட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் பிசியோதெரபி கிளினிக் வேலைக்குப் போகக்கூடாதுன்னு அவங்க வீட்டுல சொல்லிட்டாங்கப்பா, நீங்க ஊரெல்லாம் சொல்லிட்டீங்க, அதான் வாய மூடிக்கிட்டேன் என்றாள். மாப்பிள்ளையின் பவிசை ஊரெல்லாம் சொன்ன வாய் என் வாய்தான். மறுநாளே கே.கே. நகர் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பையனின் அப்பா, பொண்ணு பேச்சக் கேட்டு ஆடுறவருக்கு எதுக்குங்க தரகு என்றார். ஜெர்மனியிலயே எங்க பொண்ணு பேச்சக் கேட்டுத்தான் மருந்து கண்டுபிடிக்கிறாக, நான் கேட்டா என்ன கொறஞ்சு போச்சு என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, தள்ளிக்கொண்டே வந்தேன், அது வேறு விஷயம். சித்தி ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆர்த்திகா மட்டும் கிளினிக் போகும்போது வரட்டுமாப்பா என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். இருபத்து மூன்றாவதாக அவள் பெயரை எழுதி, கேட்டேன், வேண்டாம் என்றாள் என்று போட்டிருக்கிறேன். அந்த டைரியில் கேட்டேன் என்று எழுதியது அதுதான் முதல் தடவை.

நீ கணித்த நாற்பதில் லேபில் ஒட்டியது பதினொன்றுதான், மிச்சத்தையும் மறைக்காமல் கட்டுரையில் போட்டிருக்கிறாய் என்று உன் அப்பா கொஞ்சம் வருத்தமாகச் சொன்னார். அவருக்கு என்ன தெரியும்? அறுபத்திரண்டு வயதில் நான் போன வாரம் செய்ததை நீ இருபத்தெட்டிலேயே செய்துவிட்டாய். அந்தக் கட்டுரையை அச்சடித்து அனுப்பம்மா. ஒட்டிய பதினொன்று இருக்கும் பக்கம் ஊருக்குக் காட்ட. ஒட்டாத இருபத்தொன்பது இருக்கும் பக்கத்தைத்தான் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டப்போகிறேன். மறந்துவிடாதே, காதில் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போ. நம் குலசாமி கருப்பன் உனக்குத் துணை நிற்பான், நீ தொட்டது துலங்கட்டும், துலங்காததையும் எழுதி வை.

உன் அன்புச் சித்தப்பா,
செ. செல்வக்குமார்
(முப்பத்தெட்டு கல்யாணம் முடித்தவன்)